புது அணியில் எந்த ரன்னிங் பேக் எடுபடுவார்?

மார்ச் மாத நடுவில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். அணிகள், ஒப்பந்தம் முடிந்த வீரர்களை வளைத்துப்போடத் தொடங்கும். செப்டம்பரில் ஆட்டங்கள் ஆரம்பிப்பதற்குள், நிஜ வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்து அவர்கள் களத்தில் எடுக்கும் எண்களுக்குப் புள்ளி போடும் ஃபேன்டஸி லீக் ஆடுகிறவர்கள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அணி மாறிய ரன்னிங் பேக்குகளில் யாரை முதல் சுற்றுகளிலேயே எடுத்துக்கொள்வது, யாரை அடுத்தவர் தலையில் கட்டிவிடுவது? ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிகிறவரான குவாட்டர்பேக்கிடமிருந்து பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் பாய்கிறவர் ரன்னிங் பேக். அவருக்கு முன்னால் நிற்கும் முன்வரிசை, அதாவது ஐந்து பெரிய உடம்புக்காரர்கள், வழி திறந்துவிட்டால்தான் அவரால் நாலு எட்டு வைக்க முடியும். அவர் பெயரில் பதிவாகும் யார்டுகளில் கணிசமான பங்கு மற்றவர்களின் உழைப்பு. அந்த மற்றவர்களைப் பழைய ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் அவர் புது அணிக்கு வருகிறார்.

இந்தக் கணிப்பைச் சோதித்துப் பார்க்க 2024 வாகான ஆண்டு. அந்த மார்ச்சில் பெயர் பெற்ற ரன்னிங் பேக்குகள் கூட்டமாக இடம் மாறினார்கள். சாக்வான் பார்க்லி நியூயார்க் ஜயன்ட்ஸிலிருந்து பிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கும், டெரிக் ஹென்றி டென்னசி டைட்டன்ஸிலிருந்து பால்டிமோர் ரேவன்ஸுக்கும், ஜாஷ் ஜேக்கப்ஸ் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸிலிருந்து கிரீன் பே பேக்கர்ஸுக்கும் போனார்கள். டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட் ஈகிள்ஸை விட்டு சிகாகோ பேர்ஸில் சேர்ந்தார். ஜோ மிக்ஸன், ஆரன் ஜோன்ஸ், டோனி போலார்ட், ஆஸ்டின் எக்லர், ஸாக் மாஸ் என்று வரிசை இன்னும் நீளும்.

இவர்களில் முதல் நால்வரை, முந்தைய ஆண்டு எண்களை மட்டும் வைத்து எடைபோட்டால் என்ன கிடைக்கும்? 2023-இல் பார்க்லி 247 ஓட்டங்களில் (பந்தோடு ஓடிய தடவைகளில்) 962 யார்டு, ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 3.9. ஹென்றி 280 ஓட்டங்களில் 1,167, சராசரி 4.2. ஜேக்கப்ஸ் 233-இல் 805, சராசரி வெறும் 3.5. ஸ்விஃப்ட் 229-இல் 1,049, சராசரி 4.6. சராசரியில் ஸ்விஃப்ட்தான் முதலிடம். 2024 முடிந்தபோது பார்க்லி 2,005, ஹென்றி 1,921, ஜேக்கப்ஸ் 1,329. ஸ்விஃப்ட் 959 யார்டோடு கடைசி, சராசரியும் 3.8-க்கு இறங்கிவிட்டது. ஆடுகளத்தைப் பார்க்காமல் பந்துவீச்சாளரின் விக்கெட் கணக்கை மட்டும் படிக்கிறவனுக்கு நேர்கிற கதிதான் இது.

போன ஆண்டு எண்ணை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஃபேன்டஸி ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல, அணி நிர்வாகங்களும்தான். அதில் மறக்க முடியாதது டெமார்கோ மரே விவகாரம். 2014-இல் டல்லஸ் கௌபாய்ஸுக்காக 392 ஓட்டங்கள், 1,845 யார்டு. அந்த ஆண்டு அதிக யார்டு ஓடியவர் அவரே. அடுத்த மார்ச்சில் பரம எதிரியான ஈகிள்ஸ் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டு, சுமார் 4 கோடி டாலருக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனது. முதல் ஆட்டத்தில் 8 ஓட்டங்களுக்கு 9 யார்டு. இரண்டாவது ஆட்டத்தில், அதுவும் பழைய அணியான டல்லஸுக்கு எதிராக, 13 ஓட்டங்களுக்கு 2 யார்டு. இரண்டு யார்டு என்பது ஒரு நல்ல ஓட்டத்தில் தடுக்கி விழுந்தாலே கிடைப்பது. ஆண்டு முடிவில் 193 ஓட்டங்களில் 702, சராசரி 3.6.

டல்லஸில் மரே எப்படி ஓடினார் என்று பழைய காட்சிகளைப் போட்டுப் பார்த்தால் காரணம் கண்ணில் படும். குவாட்டர்பேக் டோனி ரோமோ, முன்வரிசை நடுவிலிருந்து பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரை ஒட்டி நின்று பந்தை வாங்குவார். மரே அவருக்குப் பின்னால் தள்ளி நிற்பார். பந்து கைக்கு வரும்போதே அவர் முன்னோக்கி வேகமெடுத்திருப்பார். முன்வரிசையில் இருந்த டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடெரிக், ஸாக் மார்ட்டின் ஆகிய மூவரும் லீகின் புதுமுகத் தேர்வில் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்கள். அவர்கள் எதிராளியை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, எந்த இடைவெளியில் புகுவது என்று முடிவெடுக்க மரேவுக்கு இரண்டு மூன்று எட்டு அவகாசம் இருந்தது. பிலடெல்ஃபியாவில் பயிற்சியாளர் சிப் கெல்லியின் பாணி வேறு. குவாட்டர்பேக் பின்னால் தள்ளி நிற்க, மரே அவர் பக்கத்தில் நிற்பார். கிட்டத்தட்ட நின்ற நிலையில் பந்தை வாங்கி, முதல் எட்டைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். முன்னோக்கித் திரும்புவதற்குள் ஆள் வந்துவிடுவான்.

இந்தக் கதையின் மறுபாதிதான் எனக்கு இன்னும் பிடித்தமானது. மரே காலிசெய்த இடத்துக்கு டல்லஸ் கொண்டுவந்தவர் டேரன் மெக்ஃபேடன். 2014-இல் ஓக்லண்டில் அவருடைய சராசரி 3.4, ஆள் தேறமாட்டார் என்று பலரும் கைகழுவியிருந்த நேரம். 2015-இல் அதே டல்லஸ் முன்வரிசைக்குப் பின்னால், ரோமோ பெரும்பாலான ஆட்டங்களில் காயத்தால் வெளியே இருந்தபோதும், 239 ஓட்டங்களில் 1,089 யார்டு, சராசரி 4.6. வந்தவருடைய சராசரி ஏறியது, போனவருடைய சராசரி இறங்கியது. மரே 2016-இல் டென்னசிக்கு மாறி, மீண்டும் பழைய மாதிரி நேராகப் பாயும் பாணி கிடைத்ததும் 1,287 யார்டு ஓடினார். ஆக, கால் அவரை விட்டுப் போய்விடவில்லை.

குவாட்டர்பேக்கை விட்டுப் பிரிந்தாலும் இதே அடிதான். எட்ஜரின் ஜேம்ஸ் 2005-இல் இண்டியானாபொலிஸில் பேட்டன் மேனிங்கோடு ஆடி 1,506 யார்டு எடுத்தவர், சராசரி 4.2. அரிசோனாவுக்குப் போன 2006-இல் 337 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியும் சராசரி 3.4-ஐத் தாண்டவில்லை. அவர் இடத்துக்கு வந்த ஜோசஃப் அடாய் என்ற புதுமுகம் 4.8 சராசரியில் 1,081 ஓடினார். இண்டியானாபொலிஸ் அந்தப் பருவத்தில் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் வென்றது. மேனிங் பந்தை எறிந்துவிடுவாரோ என்ற பயத்தில் எதிரணி பின்வாங்கி நிற்கும்போது ஓடுகிறவருக்கு இடம் கிடைக்கிறது. அரிசோனாவில் அந்தப் பயம் இல்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்படியானால் ஆள் யாராக இருந்தால் என்ன, முன்வரிசையை மட்டும் பார்த்தால் போதுமே" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் பிலடெல்ஃபியாவில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் மூன்று பேர் அங்கே முதன்மை ரன்னிங் பேக். 2022-இல் மைல்ஸ் சாண்டர்ஸ், சராசரி 4.9. 2023-இல் ஸ்விஃப்ட், 4.6. 2024-இல் பார்க்லி, 5.8. மூன்று ஆண்டும் முன்வரிசைப் பயிற்சியாளர், 2013-இல் சேர்ந்த அதே ஜெஃப் ஸ்டவுட்லண்ட். வலப்பக்கம் லேன் ஜான்சன், இடப்பக்கம் ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிவிட்டு வந்த ஜோர்டன் மைலாட்டா. சாண்டர்ஸ் அங்கிருந்து கரோலைனாவுக்குப் போய் 3.3 சராசரியில் தடுமாறி, பாதி வழியிலேயே இடத்தைச் சக வீரரிடம் பறிகொடுத்தார். ஸ்விஃப்ட் என்னவானார் என்று மேலே பார்த்தோம். அந்த அணியில் நடுத்தரமான ரன்னிங் பேக்கும் 4.6 எடுக்கலாம் என்பது சரி. 4.6-க்கும் 5.8-க்கும் நடுவில் உள்ள தூரம் மட்டும் பார்க்லியுடையது. முன்வரிசை முதல் ஐந்தாறு யார்டைத் திறந்துவிடும். அதற்கப்பால் ஓடுகிறவனின் காலும் கண்ணும்தான். பருவ முடிவில் நடக்கும் நாக்அவுட் ஆட்டங்களான பிளேஆஃபையும் சேர்த்து, அந்தப் பருவத்தில் 60 யார்டோ அதற்கு மேலோ ஓடி அவர் போட்ட டச்டவுன்கள் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) ஏழு. ராம்ஸ் அணிக்கு எதிராக நவம்பரில் ஒரே ஆட்டத்தில் 70, 72. ஜனவரியில் பனி கொட்டிய பிளேஆஃபில் மறுபடி அதே அணிக்கு எதிராக 62, 78.

நவம்பர் 3 அன்று ஜாக்சன்வில்லுக்கு எதிராக அவர் செய்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குட்டையான பாஸ் ஒன்றைப் பிடித்து, முதல் ஆளை ஏமாற்றி, ஒரு சுழற்று சுழன்றார். சுழன்று முடிக்கும்போது முதுகு எதிராளியின் பக்கம். வந்தவர் காலைக் கட்டிப்பிடிக்கக் குனிந்தார். பார்க்லி திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னோக்கி எகிறி அவருக்கு மேலே தாண்டிப் போய்க் காலூன்றி மேலும் ஓடினார். முன்வரிசைப் பயிற்சியாளர் யாரும் கற்றுக்கொடுத்து வருகிற வித்தையல்ல அது.

சரி, முடிவெடுக்க வேண்டிய ஆகஸ்ட் 2024-க்குத் திரும்புவோம். உங்கள் முறை வருகிறது. பார்க்லி, ஹென்றி இருவரும் பட்டியலில் இருக்கிறார்கள். பார்க்லிக்குப் பொதுவாக முதல் சுற்றின் கடைசி அல்லது இரண்டாம் சுற்றின் தொடக்கம் விலை. ஹென்றி அதற்குச் சற்றுப் பின்னால் கிடைத்தார். யாரை எடுப்பது?

பார்க்லிக்கு எதிராக இரண்டு வாதங்கள் இருந்தன. ஒன்று காயம்: 2020-இல் முழங்கால் தசைநார் கிழிந்தது, 2021-இலும் 2023-இலும் கணுக்கால். இரண்டாவது, கோட்டுக்கு ஒரு யார்டில் பந்து இருந்தால் ஈகிள்ஸில் ரன்னிங் பேக்குக்கு வேலையில்லை. குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் பந்தோடு குனிய, பின்னால் இருப்பவர்கள் அவரைக் கும்பலாகத் தள்ளி உள்ளே அனுப்பிவிடுவார்கள். 2023-இல் ஹர்ட்ஸ் ஓடிப் போட்ட டச்டவுன் 15, ஸ்விஃப்டுக்குக் கிடைத்தது 5. இந்த இரண்டாவது வாதம் வலுவானது. 2024-இலும் ஹர்ட்ஸ் 14 எடுத்தார். ஆனால் பார்க்லி ஒரு யார்டுக்காகக் காத்திருக்காமல் தூரத்திலிருந்தே அடித்துத் தன் பங்கை 13 ஆக்கிக்கொண்டார்.

ஹென்றிக்கு எதிரான வாதம் வயது. அந்த ஜனவரியில் 30 முடிந்துவிட்டது. ரன்னிங் பேக்குக்கு 30 என்றால் ஓய்வுக்கு விண்ணப்பிக்கும் வயது என்பதுபோலத்தான் எல்லோரும் பேசுவார்கள். 2020-இல் 378, 2022-இல் 349 என்று ஓடித் தேய்ந்த உடம்பு வேறு. போதாக்குறைக்கு, ரேவன்ஸ் அந்த ஆண்டு முன்வரிசையில் மூன்று பேரை இழந்திருந்தது: கெவின் ஸைட்லர், ஜான் சிம்ப்சன், மோர்கன் மோசஸ். முன்வரிசையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர் ஹென்றியைத் தாண்டிப் போயிருப்பார்.

அவர் கணக்கில் தவறவிட்டிருக்கக்கூடியது ரேவன்ஸின் குவாட்டர்பேக் லமார் ஜாக்சன். ஜாக்சன் பந்தை ஹென்றியின் வயிற்றில் வைப்பார், ஆனால் கையை விடமாட்டார். கண் முழுவதும் எதிரணி வரிசையின் ஓரத்தில் நிற்பவர் மேல். அவர் ஹென்றியை நோக்கி உள்ளே வந்தால் ஜாக்சன் பந்தை உருவிக்கொண்டு, அவர் காலிசெய்த பக்கமாகவே பறந்துவிடுவார். விரட்டிப் பிடிக்க ஆள் கிடையாது. வராமல் நின்றால் பந்து ஹென்றிக்கு. அந்த ஓரத்து ஆள் ஒரு நொடிக்கும் குறைவாகத் தயங்கினாலே போதும். ஹென்றிக்கு வேண்டியது அவ்வளவுதான். ஏறத்தாழ 112 கிலோ எடை, ஆறடிக்கு மேல் உயரம். அவருடைய பலவீனம் தொடக்கத்தில், வேகமெடுப்பதற்கு முந்தைய முதல் இரண்டு எட்டில். டென்னசியில் கடைசி ஆண்டில் அந்த இடத்திலேயே ஆள் வந்து மோதிக்கொண்டிருந்தார்கள். வேகமெடுத்த பிறகு அவரை எதிர்கொள்வது, அவரைவிட இருபது கிலோ குறைந்த பின்வரிசைக்காரரின் தலைவிதி. செப்டம்பர் 29 இரவு பஃபலோவுக்கு எதிராக, ரேவன்ஸ் கையில் பந்து வந்த முதல் முயற்சியிலேயே அவர் 87 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். அன்று மட்டும் 199 யார்டு.

இன்னொரு குறிப்பும் மார்ச்சிலேயே கண்முன் இருந்தது. 2023-இல் ஓட்ட யார்டுகளில் லீகிலேயே முதலிடம் ரேவன்ஸ். அதில் கஸ் எட்வர்ட்ஸ் 198 ஓட்டங்களில் 13 டச்டவுன் போட்டிருந்தார். அவர் சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார். அவ்வளவு பெரிய வேலை ஆளில்லாமல் கிடந்தது. எட்வர்ட்ஸால் 13 முடியுமானால் ஹென்றியால் எத்தனை முடியும் என்று கேட்டிருந்தாலே விடை கிடைத்திருக்கும்: 16. எட்வர்ட்ஸ் புது ஊரில் 365 யார்டோடு நின்றுவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பத்து யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு ஆறு என்ற பழைய கணக்கில் இருவரும் ஆண்டு முடிவில் ஏறக்குறைய சமம். பார்க்லி ஓட்டமும் பிடிப்புமாக 2,283 யார்டு, 15 டச்டவுன். ஹென்றி 2,114 யார்டு, 18 டச்டவுன். பார்க்லி கடைசி ஆட்டத்தில் களமிறங்கவே இல்லை. எரிக் டிக்கர்சனின் 2,105 என்ற 1984 சாதனையை முறியடிக்க 101 யார்டே தேவை என்றிருந்தபோதும் பிளேஆஃபுக்காக அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். சூப்பர் பவுலை வென்ற பிறகு அந்த முடிவைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பிடிக்கும் பாஸுக்குத் தனிப் புள்ளி தரும் லீகில் பார்க்லி ஒரு படி மேலே: 33 பிடிப்புகளுக்கு எதிராக ஹென்றி 19. அந்த லீகில் நான் பார்க்லி பக்கம். தனிப் புள்ளி இல்லாத லீகில், விலை குறைவு என்பதால் ஹென்றி.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜேக்கப்ஸ் 2022-இல் 1,653 யார்டோடு லீகில் முதலிடம் பிடித்தவர், 26 வயது, பாஸ் எறியவும் தெரிந்த அணிக்குப் போகிறார். கிரீன் பே ஜோன்ஸை விடுவித்ததால் வேலையும் அவருக்கே. பயந்தவர்கள் 3.5 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்தார்கள். 15 டச்டவுன் ஓடிப் போட்டார். மிக்ஸனை, புதுமுகத் தேர்வில் தன் ஏழாம் சுற்று வாய்ப்பு ஒன்றை மட்டும் கொடுத்து ஹூஸ்டன் வாங்கியது. 14 ஆட்டங்களில் 1,016 யார்டு, போட்ட காசுக்குக் குறைவில்லை. மாஸ், எக்லர் இருவரையும் நான் தொட்டிருக்க மாட்டேன்; இருவர் பங்குபோடும் இடங்கள் அவை. மாஸ் சின்சினாட்டியில் சேஸ் பிரவுனிடம் இடத்தை இழந்தார், பிறகு கழுத்துக் காயம்.

ஜோன்ஸைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. 29 வயது, சம்பளக் குறைப்புக்கு ஒப்பாததால் கிரீன் பே கழற்றிவிட்டது, மின்னசோட்டா ஓராண்டுக்கு 70 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது. பலரும் ஒதுக்கினார்கள். கிரீன் பேயின் பயிற்சியாளர் மேட் லாஃப்ளூர், மின்னசோட்டாவின் கெவின் ஓ'கானல் இருவரும் ராம்ஸ் பயிற்சியாளர் ஷான் மெக்வேயிடம் வேலை பார்த்தவர்கள். ஜோன்ஸ் பாடத்திட்டம் மாறாமல் பள்ளிக்கூடம் மட்டும் மாறினார். 1,138 யார்டு, அவருடைய வாழ்நாள் உச்சம். மரேவுக்கு வாய்க்காதது இதுதான். பின் சுற்றுகளில் யாரை எடுப்பது என்று தெரியாதபோது, புதுப் பயிற்சியாளர் எங்கே தொழில் படித்தார் என்று பார்ப்பது செலவில்லாத சோதனை.

சம்பளத்தைப் பார்த்து முடிவெடுக்கலாமா? பார்க்லிக்கு மூன்றாண்டுக்கு 3.775 கோடி டாலர். ஹென்றிக்கு இரண்டாண்டுக்கு 1.6 கோடி, ஸ்விஃப்டுக்கு மூன்றாண்டுக்கு 2.4 கோடி. கடைசி இருவருக்கும் ஆண்டுக்கு அதே 80 லட்சம். ஒருவர் மற்றவரைவிட இரண்டு மடங்கு ஓடினார். பணம் சொல்வது, பந்து எத்தனை முறை அவர் கைக்கு வரும் என்பதை மட்டும். ஸ்விஃப்டுக்கு 253 முறை வரத்தான் செய்தது. அதிலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. சாண்டர்ஸுக்குக் கரோலைனா நான்காண்டுக்குச் சுமார் 2.5 கோடி எழுதிக்கொடுத்தும் முதல் ஆண்டிலேயே அவர் பந்து தொட்டது 129 ஓட்டங்களுக்குத்தான்.

வயதைப் பற்றிய பயத்தை நான் பாதியாகக் குறைத்துக்கொள்வேன். 30 தாண்டியவர்களில் டிக்கி பார்பர் 2005-இல் 1,860 ஓடியிருந்தார். ஹென்றி அதையும் கடந்தார். கோரி டில்லன் சின்சினாட்டியில் 2003-இல் 541 யார்டோடு முடங்கிக் கிடந்தவர், நியூ இங்கிலாந்துக்கு வந்த 2004-இல், 30 வயதைத் தொட்ட ஆண்டில், 1,635 ஓடிச் சூப்பர் பவுலும் வென்றார். ஹென்றி, டில்லன் இருவருமே பழைய அணியைவிட நல்ல அணிக்கு வந்தவர்கள். டாட் கர்லி அட்லாண்டாவுக்கு ஆடியபோது வயது 26தான். முழங்கால் ஏற்கெனவே போயிருந்தது, சராசரி 3.5. மூட்டு எப்படி இருக்கிறது என்பதைப் பிறந்த தேதி சொல்லாது.

ஆகவே என் வரிசை இது. முதலில், புது அணியின் குவாட்டர்பேக்கைப் பார்த்து எதிரணி பயப்படுகிறதா. அடுத்து முன்வரிசை, அதில் யார் போனார்கள், யார் எஞ்சினார்கள். மூன்றாவது, போன ஆண்டு அங்கே ஓடியவருடைய எத்தனை ஓட்டங்கள் காலியாக இருக்கின்றன. பாணி நான்காவது, அது முரணாக இருந்தால் மட்டும் முதலிடத்துக்கு ஏறும். போன ஆண்டுச் சராசரியைக் கடைசியில் பார்ப்பேன், அதையும் தலைகீழாக: மோசமான அணியில் 3.9 எடுத்தவர் கிடைத்தால், நல்ல அணியில் 4.6 எடுத்துவிட்டு வெளியேறியவரை விட்டுவிடுவேன்.

இந்த வரிசை ஓராண்டுக்குத்தான் செல்லும். 2025-இல் பார்க்லி அதே சீருடையில், அதே ஹர்ட்ஸோடுதான் ஆடினார். ஆனால் ஆட்டம் வகுத்துக்கொடுத்த கெல்லன் மூர் நியூ ஆர்லியன்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். முன்வரிசையில் ஒருவர் மாற்றி ஒருவர் காயத்தில் விழுந்தார்கள். பார்க்லியால் முந்தைய ஆண்டின் 2,000-க்குப் பக்கத்தில்கூட வர முடியவில்லை. அணி மாறாத ரன்னிங் பேக்கையும் அந்த ஆகஸ்டில் புதிதாக அணி மாறியவராக எண்ணி, அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டுவிட்டு எடுத்திருக்க வேண்டும்.